புதுப்பிப்பு: மதுரையில் என் மளிகை டெலிவரி, எட்டு மாதம் கழித்து

தை மாதம் எழுதியிருந்தேன்: மதுரை கே.கே. நகரில் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி மளிகையும் காய்கறியும் வீட்டுக்கே கொடுக்கிறேன், 40 வீடுகள் இருந்தும் லாபமெல்லாம் பெட்ரோலுக்கே போகிறது, ஆப் ஒன்று செய்யலாமா என்று. 'ஆப் அப்புறம், முதலில் ரூட்டைச் சரிசெய்யுங்கள்' என்றீர்கள். அதைத்தான் செய்தேன்.

முன்பெல்லாம் ஆர்டர் வந்ததும் வண்டியை எடுப்பேன். இப்போது நாளுக்கு இரண்டே நடை. இரவு 9 மணிக்குள் வரும் காய்கறி ஆர்டரைக் கூட்டிப் பார்த்து, விடியற்காலை மாட்டுத்தாவணி சந்தையில் அந்த அளவு மட்டும் எடுக்கிறேன். 7 மணிக்கு வீட்டு வாசலில் இருக்கும். மளிகை மாலையில். கீரையும் தக்காளியும் வீணாவது ஏறக்குறைய நின்றுவிட்டது. பெட்ரோலைவிட அங்கேதான் பணம் கசிந்திருக்கிறது!

பத்து நிமிட டெலிவரியோடு என்னால் போட்டி போட முடியாது. ஆனால் 'முருங்கைக்காய் முற்றலா வேண்டாம்ப்பா' என்று குரல் பதிவு அனுப்பும் அம்மாவுக்குப் பார்த்துப் பொறுக்கிக் கொடுக்க முடியும். அப்படிப்பட்ட வீடு ஒன்றுகூட விட்டுப் போகவில்லை.

சரி, கேட்டவர்களுக்கு: உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிட்டேன். எலக்ட்ரானிக் தராசுக்கு, எடை சரி என்பதற்கான அரசு முத்திரையை ஆண்டுதோறும் போட வேண்டும், மறக்காதீர்கள்.

மாதக் கணக்குப் பாக்கிதான் இன்னும் தீரவில்லை. 11,000 ரூபாய் வெளியே நிற்கிறது. பழகிய முகங்களிடம் கறாராகக் கேட்க மனம் வரவில்லை. ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்கு 2,000 ரூபாய்தான் வரம்பு என்று சொல்லப்போகிறேன்.