செட்டிநாட்டுப் பக்கம் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கழனிவாசல்காரன்:

வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், நடுராத்திரி நாய் ஊளை எல்லாம் சினிமாவுக்கு இருக்கட்டும். நம் பக்கத்துக் கதைகளின் ருசியே வேறு. இங்கே ராத்திரி பயம் என்றால் பாதிப் பேர் கருப்பரைச் சொல்கிறார்கள், மீதிப் பேர் செத்துப்போன தங்கள் வீட்டு ஆட்களையே சொல்கிறார்கள். முகம் தெரியாத பேய்க்கு இந்தப் பக்கம் வேலை குறைவு.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ நேர்ந்ததாக இருக்கட்டும். ஊர்ப் பெயர் சொல்லலாம், வீட்டு அடையாளம் வேண்டாம். பூட்டிக் கிடக்கிற வீடு என்று தெரிந்தால் போதும், போனைத் தூக்கிக்கொண்டு சுவரேறுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது.

என்னிடம் பெரிய கதை இல்லை. எங்கள் வீட்டில் தூக்குவாளியில் கறிக்குழம்பு வெளியே போனால் மூடிமேல் இன்றைக்கும் ஒரு கரித்துண்டு ஏறும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்குப் பட்டப்பகலில், நிற்க இடமில்லாத பஸ்ஸில் போனாலும் ஏறும். அந்தக் கூட்டத்தில் காத்துக்கருப்பு எங்கே நிற்கும் என்று கேட்டால், "உனக்கு எல்லாம் வெளையாட்டு" என்பார் அப்பத்தா.

பழைய டிரைவர்:

நான் லாரியில் கிளீனராக இருந்த காலத்தில் நடந்தது. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் ஏற்றிக்கொண்டு ராத்திரி கிளம்பினோம். அந்தக் கல்லை ஏற்றினவர்களுக்குத் தெரியும், சூளையில் சுடாத கல் அது. கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. வண்டி கொஞ்சம் குலுங்கினாலும் மூலை உடையும். அதனால் மெதுவாகத்தான் போவோம்.

கண்மாய்க்கரை ஓரமாக ஓர் அய்யனார் கோயில். அதற்குச் சற்று முன்னால் டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டி, விளக்கை அணைத்து, என்ஜினையும் நிறுத்திவிட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறக்கப் போனேன், கையைப் பிடித்து அழுத்தினார். முதலில் சுருட்டு வாசம் வந்தது. அந்தப் பொட்டலில் ஆள் கிடையாது, அவரும் பீடிதான் குடிப்பார். அப்புறம் சலங்கை. இடது பக்கம் பனங்காட்டிலிருந்து கிளம்பி, ரோட்டைக் குறுக்கே கடந்து, கண்மாய்ப் பக்கம் இறங்குகிற மாதிரி கேட்டது. கரையில் கிடந்த நாய்கள் குரைக்கவில்லை. வயிறு தரையில் ஒட்டப் படுத்துக்கொண்டன. எனக்கு அதுதான் இன்றைக்கும் மறக்க முடியாதது.

சத்தம் போன பிறகும் அவர் உடனே வண்டியை எடுக்கவில்லை. "வேட்டைக்குப் போறாரு. நாம அவர் பாதையிலதான் ரோடு போட்டிருக்கோம், அவர் நம்ம பாதையில வரல" என்றார். ஊர் போய்ச் சேர்ந்து இறக்கினால் ஒரு கல்கூட மூலை உடையவில்லை. கருப்பர் கணக்கா, டிரைவர் கணக்கா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கழனிவாசல்காரன்:

இதனால்தான் புரவி எடுப்பு. மண்பாண்டம் செய்கிற வேளாருக்குப் பிடிமண் கொடுத்து, அவர் குதிரை செய்து, கண் திறந்து, ஊரே தோளில் தூக்கிக்கொண்டு அய்யனார் கோயிலில் கொண்டுபோய் விடுவது. காவல் சுற்றுகிறவருக்கு வாகனம் வேண்டாமா? பழைய குதிரை காலொடிந்து கிடந்தாலும் யாரும் அள்ளிக் கொட்ட மாட்டார்கள். அது நின்ற இடத்திலேயே மண்ணாகும். எங்கள் பக்கம் மனை வாங்குகிறவர்களும் பத்திரம் பார்ப்பதோடு முனிப்பாய்ச்சல், அதாவது முனி போய்வருகிற பாதை, இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.

ஆயா வீட்டுப் பேத்தி:

எங்கள் ஐயா வீடு கானாடுகாத்தான் பக்கம். பங்குக்காரர்கள் பலர், குடியிருப்பவர் யாருமில்லை. கல்யாணம் காட்சிக்குத்தான் திறப்போம். என் சின்ன அத்தை மகள் கல்யாணத்துக்காக முன்கூட்டியே போய்க் கூட்டிப் பெருக்க ஆரம்பித்தோம். அந்த வீடு கட்டுக் கட்டாகப் பின்னால் நீளும். பெண்கள் நாங்கள் முதல் கட்டுப் பகுதியில், வளவு என்கிற திறந்த முற்றத்தை ஒட்டிய பத்தியில் பாய் போட்டுப் படுத்திருந்தோம்.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன். பூட்டின வீட்டில் சத்தம் இருக்கும், மரநாய் இருக்கும், வவ்வால் இருக்கும். எனக்கு வந்தது மணம். விடியற்காலை மூன்று மணி இருக்கும், மூன்றாம் கட்டிலிருந்து கும்மாயம் கிண்டுகிற மணம். வறுத்த உளுந்தமாவும் கருப்பட்டிப் பாகும் நெய்யும் ஒன்று சேருகிற அந்த இடத்தில் வருமே, அதே மணம். அந்த அடுப்பில் பல வருஷமாகத் தீ மூட்டவில்லை. சமையல்காரர்கள் மறுநாள்தான் வர இருந்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன், பக்கத்தில் என் சித்தி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசவில்லை.

காலையில் ஆயாவிடம் சொன்னால் அவருக்கு அதிர்ச்சியே இல்லை. "படைச்சு எத்தனை வருஷம் ஆச்சு? கல்யாணத்த வச்சுக்கிட்டு அவுகளுக்குச் சொல்லாம இருந்தா எப்படி?" என்றார். எங்கள் வீட்டில் படைப்பது, கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே அம்மை கண்டு போன ஓர் ஆச்சிக்கு. பேழையில் அவருக்கென்று சேலை இருக்கும். புதுச்சேலை வைத்து, இலை போட்டுப் படைக்க வேண்டும். பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருந்ததால் தள்ளிப்போய்க் கொண்டே இருந்திருக்கிறது. அன்று சாயங்காலமே ஆள் அனுப்பிச் சேலை வாங்கி வந்து, சுருக்கமாகப் படைத்தோம். அவருக்குக் கும்மாயம் பிடிக்குமா என்று ஆயாவைக் கேட்டேன். "அது யாருக்குத்தான் பிடிக்காது" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இயற்பியல் வாத்தியார்:

கோபித்துக்கொள்ள வேண்டாம், சத்தத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். அந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பில் நின்றால் பின்வாசல் வரை நேர்கோடாகத் தெரியும். காற்று ஒரு பக்கம் நுழைந்தால் எல்லாக் கட்டுக் கதவையும் தட்டிவிட்டுத்தான் போகும். பகலெல்லாம் காய்ந்த ஓடும் பர்மாத் தேக்கும் ராத்திரி குளிரச் சுருங்கும், அதுதான் மாடியில் ஆள் நடக்கிற சத்தம். சுவரோ சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து வழுவழுவென்று இழைத்தது. ஒலியைக் குடிக்காது, திருப்பி அடிக்கும். வளவு மேலே திறந்து கிடப்பதால் பக்கத்துத் தெருவில் இருமினால் உங்கள் வீட்டுக்குள் விழும்.

கண்மாயில் தெரியும் கொள்ளிவாய்ப் பிசாசும் அப்படித்தான். சேற்றில் மக்குகிற குப்பையிலிருந்து மீத்தேன் வருகிறது. அது தானாகப் பற்றாது, பாஸ்பீன் போன்ற வாயு கூடச் சேர்ந்து பற்றவைக்கிறது என்பது ஒரு விளக்கம்.

ஆயா வீட்டுப் பேத்தி:

சத்தத்தை நானே தள்ளிவிட்டேனே சார். கும்மாயத்துக்கு என்ன வாயு?

இயற்பியல் வாத்தியார்:

பக்கத்து வீட்டில் கிண்டியிருப்பார்கள். பூட்டாத வீடும் தெருவில் ஒன்றிரண்டு இருக்கும் அல்லவா?

பள்ளத்தூர் மருமகள்:

பேய் இல்லை, ஒரு கல்லைப் பற்றி. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்ட சுமைதாங்கி பார்த்திருப்பீர்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக வைப்பது. இறக்க முடியாத சுமையோடு போனவள், வழிப்போக்கர் அங்கே சுமை இறக்கினால் அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை. என் மாமியார் சந்தைக்குப் போய் வரும்போது கையில் வெறும் பை இருந்தாலும் அந்தக் கல்மேல் ஒரு நிமிஷம் வைத்துவிட்டுத்தான் எடுப்பார். "வச்சா பெருமூச்சு கேக்கும்" என்பார். அவர் சொன்ன பிறகு நானும் காதைத் தீட்டிக்கொண்டு வைத்துப் பார்த்தேன், லாரி ஹாரன்தான் கேட்டது.

ரோடு அகலப்படுத்தும்போது கல்லைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். குறுக்குக் கல் இப்போது ஒரு டீக்கடையில் பெஞ்சு. கடைக்காரருக்குக் கதை தெரியும், அவர் மட்டும் அதில் உட்கார மாட்டார்.

மரப்பட்டறை:

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் எங்கள் பட்டறைக்குத்தான் பழுது பார்க்கக் கொண்டுவருவார்கள். சென்னைக்காரர் ஒருவர் நாலு தூண் கட்டில் வாங்கினார். ஒரு மாதத்தில் போன்: ராத்திரி நெஞ்சில் யாரோ ஏறி உட்காருகிறார்கள், கை கால் அசையவில்லை, சத்தமும் வரவில்லை. அமுக்கான் என்று நாங்கள் சொல்வது. டாக்டர்கள் தூக்க முடக்கம் என்கிறார்களாம். கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். போய்ப் பார்த்தால் படுக்கிற திசையே மாறி, தலைமாட்டைக் கால்மாடாகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டிலில் பூ வேலைப்பாடு இருக்கிற பக்கம்தான் தலை. திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன். பிறகு போன் வரவில்லை. திசை மாறியதில் தூக்கம் வந்ததா, கட்டிலுக்கு உரியவர் சமாதானம் ஆனாரா, நான் கேட்கவில்லை. கூலி வந்தது.

ஆச்சி மகன்:

எங்கள் வீட்டில் பித்தளை, வெண்கலச் சாமான் களவு போனது. பூட்டு உடையவில்லை. அப்படியென்றால் சாவி வைத்திருக்கிற பங்காளிகளில் ஒருவர். போலீசுக்குப் போனால் குடும்பப் பெயர் கெடும் என்று பெரியவர்கள் கொல்லங்குடி போகச் சொன்னார்கள்.

வெட்டுடையார் காளி கதை தெரியாதவர்களுக்கு: 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு அவர் மனைவி வேலு நாச்சியார் தப்பிப் போகிறார். நாச்சியார் போன வழியை எதிரிப் படையினர் உடையாள் என்ற பெண்ணிடம் கேட்கிறார்கள், அவள் சொல்லவில்லை, வெட்டுகிறார்கள். நாட்டை மீட்ட பிறகு நாச்சியார் தன் வைரத்தாலியை அவளுக்குக் காணிக்கையாக்கினார் என்பார்கள். உயிர் போகும்போதும் வாய் திறக்காதவளிடம்தான் ஊரெல்லாம் நியாயம் கேட்டு வருகிறது. காசை வெட்டிப் போட்டு முறையிடுவார்கள்.

எங்கள் வீட்டு ஆத்தாவுக்குக் காசு வெட்ட மனசில்லை. "பங்காளியாச்சே, அவன் புள்ள குட்டிக்கு ஏதாச்சும் ஆனா?" என்று அழுகை. கடைசியில் போகவே இல்லை. போகப் போகிறோம் என்று மட்டும் எல்லாப் பங்காளி வீட்டுக்கும் சொல்லியனுப்பினார். அந்த வாரமே சாமான்கள் சாக்கில் கட்டி முகப்புத் திண்ணையில் இருந்தன. ஒரு வெண்கலப் பானை மட்டும் வரவில்லை. அதற்காகக் காசு வெட்டலாமா என்று இன்றைக்கும் வீட்டில் பேச்சு ஓடுகிறது.

தேவகோட்டைப் பெண்:

என் கொள்ளுப்பாட்டனார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர். 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது கப்பல் கிடைக்காமல் நடந்து வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். மலைக்காட்டில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள். கடிதம் கிடையாது, தந்தி கிடையாது.

இங்கே வீட்டில் சித்திரை மாதம் ஒரு ராத்திரி கதவு தட்டுகிற சத்தம். கொள்ளுப்பாட்டனார் குரலில் கொள்ளுப்பாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். ராத்திரி முதல் தடவை கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது, மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் மனுஷன் என்பது வழக்கம். கொள்ளுப்பாட்டி எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறார். இரண்டு தடவை கேட்டது. மூன்றாவது வரவில்லை. அவர் எழுந்து கதவைத் திறந்தார், தெருவில் யாரும் இல்லை. விடிந்ததும் தலைக்கு முழுகிவிட்டு, "அவுக போய்ட்டாக. இன்னிக்குத்தான் திதி" என்றாராம். மாமனார் மாமியார் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

அப்புறம் கூட நடந்து வந்த ஒருவர் ஊர் சேர்ந்தார். அவர் சொன்ன கணக்குப்படி கொள்ளுப்பாட்டனார் பங்குனியிலேயே இறந்துவிட்டார், தானே பக்கத்தில் இருந்ததாகச் சொன்னார். மாமனார் பங்குனித் திதிதான் சரி என்றார். கொள்ளுப்பாட்டி ஒரே வார்த்தை: "அங்கேருந்து நடந்து வர நாளாகாதா?"

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டு திதியும் கொடுத்தார்கள்.

இயற்பியல் வாத்தியார்:

இதில் நான் கை வைக்கவில்லை அம்மா. இப்போதும் இரண்டு கொடுக்கிறீர்களா?

தேவகோட்டைப் பெண்:

ஆமாம் சார். பங்குனி, சென்னையில் இருக்கிற பெரியப்பா வீட்டில். சித்திரை எங்கள் வீட்டில். இந்த வருஷம் அப்பச்சிக்கு முழங்கால் வலி என்பதால் தம்பி வந்து கொடுத்தான்.