புதுப்பிப்பு: ஓபோவில் சி மட்டும் தொங்கிய கதை

போன மாதம் இதே இழையில் புலம்பியிருந்தேன்: என் ஓபோவின் (வாயால் ஊதும் மரக் குழல் வாத்தியம்) ஏ சுரம் சுருதி அளவான 440 ஹெர்ட்ஸுக்கு மேலேயே நிற்கிறது, அதை இறக்க ரீடை (சிறு உலோகக் குழலில் கட்டிய, வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளி) 2 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் நடு ஸ்தாயி சி (பியானோவின் நடு சி-க்கு ஓர் ஸ்தாயி மேலே) சுருதி இறங்கித் தொங்கிப்போய் ஆடுகிறது, கீழ் டி மட்டும் அவ்வளவாக அசையவில்லை என்று. விடை கிடைத்துவிட்டது. பாதிக் குற்றம் என் மேல்தான்.

ரீடை இழுத்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவு இறங்காது. பி, சி வாசிக்கும்போது பெரும்பாலான துளைகள் திறந்திருக்கும், ஒலிக்கும் குழாய் குட்டை, அதனால் அதே 2 மில்லிமீட்டர் அங்கே அதிகமாக உறைக்கும். போதாததற்கு ரீட் உட்காரும் குழியின் அடியில் ஓர் இடைவெளி விழுந்து, உள்துளையின் கூம்பு அந்த இடத்தில் தடைபட்டு, சுரம் நிலைகொள்ளாமல் போகிறது. இப்போது ரீடை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு, 46-க்குப் பதில் 47 மில்லிமீட்டர் உலோகக் குழலில் கட்டிய ரீடை வைத்தேன். சுருதி அடங்கியது.

ஆட்டம் மட்டும் கொஞ்சம் மிச்சம். சரி என்று மேல் பாகத்தைக் கழற்றி, அடியை உள்ளங்கையால் மூடி, எல்லாத் துளைகளையும் அடைத்து உறிஞ்சிப் பார்த்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே வருகிறது! மெல்லிய சிகரெட் தாளை ஒவ்வொரு பேடுக்கும் (துளையை மூடும் மெத்தை) அடியில் வைத்து இழுத்ததில், டிரில் கீ (இரு சுரங்களை மாறி மாறி வேகமாக வாசிக்க உதவும் சாவி) ஒன்றின் கீழே தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. பேடை மாற்றியாயிற்று. (சாவிகளைச் சீராக்கும் திருகுகளைத் தொடாதே என்று இங்கே சொன்னவருக்கு நன்றி, ஏற்கெனவே தொட்டிருந்தேன்.)

அப்புறம், இங்கிலீஷ் ஹார்னில் (ஓபோவின் பெரிய உறவினர்) சுருதியைச் சரிசெய்வது பற்றிக் கேட்டவருக்கு: அங்கே ரீடைக் குழிக்குள் வைப்பதில்லை, வளைந்த உலோகக் குழாயின் நுனியில் செருகுகிறோம். வேறு நீளக் குழாய் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.