அபிஸ்டோ மீனின் முட்டை மூன்றாம் நாள் காணாமல் போகிறது, ஏன்?

வேளச்சேரித்தொட்டி:
வணக்கம். இரண்டடி பிளான்டட் (செடி வைத்த) மீன் தொட்டி, சுமார் 60 லிட்டர், அடியில் மெல்லிய மணல். அபிஸ்டோகிராமா கக்கட்டுவாய்டிஸ் ஒரு ஜோடி, கூடவே தரையில் மேய்கிற ஆறு கோரிடோரஸ் (கோரி) மீன், பாசி தின்ன ஒரு பிரிசில்நோஸ் பிளெக்கோ மீன், மேலே கொஞ்சம் எம்பர் டெட்ரா மீன். கொட்டாங்குச்சிக்குள் பெண் முட்டை போடுகிறது, உடம்பெல்லாம் மஞ்சளாகிக் காவலும் காக்கிறது, ஆனால் இரண்டு மூன்று நாளில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. சில முட்டைகள் வெள்ளையாகிப் பஞ்சு பிடித்ததையும் பார்த்தேன். போர் தண்ணீர்தான், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 550, பிஎச் 7.8. பெண்ணே தின்றுவிடுகிறதா? ஆணை எடுத்துவிடலாமா?

மழைநீர்:
வெள்ளையானவை கருக்கூடாத முட்டைகள், அவற்றைத் தாய் தின்று சுத்தம் செய்வது வழக்கம்தான், அதை வில்லியாக்காதீர்கள். எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். இது மேல் அமேசான் பக்கத்து மீன். மற்ற அபிஸ்டோக்களை விடக் கடின நீரைத் தாங்கும், சரி, ஆனால் பெரிய மீன் உயிரோடு இருப்பது வேறு, முட்டையில் கரு கூடுவது வேறு. ஆர்ஓ தண்ணீர் கலந்து டிடிஎஸ்ஸை 150-200க்குக் கொண்டுவாருங்கள், ஒரே நாளில் இல்லை, ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக. பாதாம் இலை போட்டால் பிஎச் இறங்கும் என்பார்கள். உங்கள் தண்ணீரில் கார்பனேட் இருக்கும்வரை எத்தனை இலை போட்டாலும் நிறம்தான் மாறும்.

கரையோரம்:
மழைநீர் சொல்வது தப்பில்லை, ஆனால் வரிசை மாறிவிட்டது. முதலில் அந்தப் பிளெக்கோவை வெளியே எடுங்கள். விளக்கு அணைந்த பிறகு பெண்ணுக்குக் கண் சரியாகத் தெரியாது, பிளெக்கோவுக்கு இருட்டுதான் வசதி, கல்யாண வீட்டில் பந்தி முந்துகிற ஆள் மாதிரி வந்து தின்றுவிட்டுப் போகும். கோரிகளும் அப்படித்தான், எல்லை என்றால் என்னவென்றே அவற்றுக்குப் புரியாது, எத்தனை முறை துரத்தினாலும் திரும்ப வரும்.

இன்னொன்று, முட்டை காணோம் என்றால் போய்விட்டது என்றே அர்த்தமில்லை. மூன்று நாளில் பொரிந்ததும் தாய் குஞ்சுகளை வாயில் அள்ளி வேறு குழிக்கு மாற்றுவது உண்டு. டார்ச் அடித்து மணலிலும் பாசிக்கடியிலும் பாருங்கள்.

ஆண் இருக்கட்டும். அது வெளிவட்டத்தில் காவல் நிற்கும். பெண் அதன் துடுப்பைக் கிழிக்கிற அளவுக்குப் போனால் மட்டும் பிரியுங்கள். கொட்டாங்குச்சி வாசல் பெண் மட்டும் நுழைகிற அளவு இருந்தால் போதும்.

வேளச்சேரித்தொட்டி:
நன்றி அண்ணா. பிளெக்கோவையும் கோரிகளையும் இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுகிறேன், ஆர்ஓவும் கலக்க ஆரம்பிக்கிறேன். குஞ்சு வந்தால் என்ன கொடுப்பது? வெயில் காலத்தில் தொட்டி 31 டிகிரி வரை போகிறது, அது பரவாயில்லையா?

நாப்லி:
31 வேண்டாம் ப்ரோ. அபிஸ்டோக்களில் ஆணா பெண்ணா என்பதை முதல் சில வாரங்களின் வெப்பநிலையும் தீர்மானிக்கிறது, சூடு ஏற ஏறக் குஞ்சுகளில் ஆண்கள் கூடிப்போகும், அப்புறம் ஜோடி சேர்க்கப் பெண் தேடி அலைய வேண்டியதுதான். மூடியைத் திறந்து நீர்ப்பரப்பில் படுகிற மாதிரி சின்ன ஃபேன் வையுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகிற நீருக்கு ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள், போர் தண்ணீர் ஊற்றினால் டிடிஎஸ் மறுபடி ஏறும்.

முட்டையிட்டு ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சுகள் நீந்தும். அன்றைக்கே புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா (பொடி உப்புநீர் இறால்) தயாராக இருக்க வேண்டும், பொரிய ஒரு நாள் ஆகும் என்பதால் முந்தின நாளே அதன் முட்டைகளைப் பொரிக்கப் போட்டுவிடுங்கள். ஜாவா பாசி அடர்த்தியாக இருந்தால் இடையில் கொறிக்க அதில் நுண்ணுயிர் கிடைக்கும். குஞ்சுகளை உறிஞ்சிவிடாமல் ஃபில்டர் வாயில் ஸ்பான்ஜ் மாட்டியாச்சா?