அணுப் பொறியியல் தொழில்நுட்பப் பட்டம்: எந்தக் கல்லூரி?

நீர்மூழ்கி கேட்டது:
அமெரிக்கக் கடற்படையில் ஆறு ஆண்டுகள், நீர்மூழ்கிக் கப்பலின் அணு உலைப் பிரிவில் வேலை. அடுத்த மாதம் வெளியே வருகிறேன். எக்செல்சியர், தாமஸ் எடிசன் இரண்டு பல்கலைக்கழகங்களும் கடற்படைப் பயிற்சிக்குப் பட்டப்படிப்பு கிரெடிட் தருகின்றன. மிச்சத்தை ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். அம்மாவோ, "வளாகத்துக்குப் போய் ஒழுங்காக அணுப் பொறியியலே படி" என்கிறார். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு முதலாண்டு வகுப்பில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. எதை எடுப்பது?

இரவு ஷிப்ட்:
தம்பி, நானும் அதே கூட்டம்தான். தொழில்நுட்பப் பட்டம் வாங்கி, இப்போது மின்நிலையத்தில் உலை இயக்குநராக இருக்கிறேன். அன்று எனக்கு யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

ஏபெட் என்பது பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு. 'ஏபெட் அங்கீகாரம் உண்டு' என்று போட்டிருந்தால் அதோடு விட்டுவிடாதே. ஏபெட்டின் எந்தக் குழு கொடுத்தது என்று பார். பொறியியலுக்கு ஈஏசி, பொறியியல் தொழில்நுட்பத்துக்கு ஈடிஏசி. நீ சொன்ன இரண்டும் ஈடிஏசி. நான் சேர்ந்தபோது கல்லூரி ஆலோசகர் ஒருவர் "இரண்டும் ஒன்றுதான்" என்றார். பட்டம் வாங்கி மூன்று ஆண்டுகள் கழித்து முதுகலைக்கு விண்ணப்பித்தபோதுதான் தெரிந்தது: வகையீட்டுச் சமன்பாடுகள் முதல் நியூட்ரான் இயற்பியல் வரை ஐந்து பாடங்களை முடித்துவிட்டு வா என்றார்கள். பி.இ. உரிமத்திலும், அதாவது தொழில்முறைப் பொறியாளர் உரிமத்திலும், இதே வம்பு. சில மாநிலங்கள் ஈடிஏசி பட்டத்தை ஏற்பதில்லை. சில, கூடுதல் ஆண்டு அனுபவம் கேட்கின்றன.

ஆனால் கட்டுப்பாட்டு அறைதான் உன் இலக்கு என்றால் இதெல்லாம் பெரிதில்லை. இயக்குநர் உரிமம் தருவது அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையமான என்ஆர்சி. எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் தேர்வு என்று பிழிந்துவிடுவார்கள். அங்கே யாரும் என் பட்டத்தின் பெயரைக் கேட்கவில்லை.

முதுகலை ஆசையில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். 1955 முதல் ஓடும் ஆராய்ச்சி உலை அங்கே இருக்கிறது. தொட்டியின் மேலே நின்று குனிந்தால், தெளிந்த தண்ணீருக்கு அடியில் நீல ஒளி. ஆறு ஆண்டுகள் உலையை ஓட்டியவன், அதன் மையத்தைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். கப்பலில் நமக்குத் தெரிந்ததெல்லாம் மீட்டர் முள் மட்டும்தானே! கணக்கில் பசி இருந்தால் அம்மா சொல்வதைக் கேள்.

கணக்குப்பிள்ளை:
பணத்தையும் பாருங்கள். படையில் இருந்தவர்களின் படிப்புக்கு அரசு தரும் உதவியான போஸ்ட் 9/11 ஜிஐ பில் 36 மாதங்களுக்குத்தான். முழுக்க ஆன்லைன் என்றால் வீட்டுப்படி தேசியச் சராசரியில் பாதிதான் கிடைக்கும். நேரில் ஒரு வகுப்பாவது இருந்தால் வளாகம் இருக்கும் ஊரின் கணக்கு. என் கணவர் இது தெரியாமல் ஒரு பருவம் திண்டாடினார்.

நீர்மூழ்கி:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. உண்மையைச் சொன்னால் எனக்குக் கட்டுப்பாட்டு அறைதான் பிடிக்கும். கணக்கு வரும், ஆனால் பசியெல்லாம் இல்லை. அம்மாவிடம்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இரவு ஷிப்ட்:
அம்மாவிடம் உரிமத் தேர்வைப் பற்றிச் சொல்; "இன்னும் படிப்பு இருக்கிறதா" என்று சமாதானமாகிவிடுவார். பணம் கட்டுமுன், உன் படைப் பயிற்சியைப் பட்டியலிடும் ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட்டை இரண்டு கல்லூரிக்கும் அனுப்பு. எத்தனை கிரெடிட் என்பதை எழுத்தில் வாங்கு. தொலைபேசியில் சொல்வதை நம்பாதே. நான் நம்பினேன்.