மின்வரத்து: வீபஸ் கண்டறிதலுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

இயக்கிக் கையேட்டின் (வன்பொருளை இயக்கும் நிரல்களுக்கான நம் கையேடு) வரைவில் "யூ.எஸ்.பி. மின்திறன் கண்டறியும் வன்பொருள்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதை அப்படியே விடக்கூடாது. திறன் என்றால் வாட். படிக்கிற பாலிடெக்னிக் மாணவர், இந்தச் சுற்று எத்தனை வாட் வருகிறது என்று அளப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். அது எதையும் அளப்பதில்லை. வீபஸ் கம்பியில், அதாவது யூ.எஸ்.பி. கேபிளில் மின்சாரம் வரும் கம்பியில், 5 வோல்ட் வந்திருக்கிறதா, இல்லையா என்ற ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்கிறது.

சுற்றைப் பாருங்கள். எளிய வடிவில் அது இரண்டே மின்தடைகள். வீபஸிலிருந்து 10 கிலோ ஓம், அங்கிருந்து தரைக்கு 15 கிலோ ஓம். நடுப்புள்ளி செயலியின் ஜி.பி.ஐ.ஓ. பின்னுக்கு (‘0’ அல்லது ‘1’ என்று படிக்கும் கால்) போகிறது. வீபஸ் 5 வோல்ட் என்றால் பின்னில் 3 வோல்ட். 5.5-க்கு ஏறினாலும் 3.3-ஐத் தாண்டாது. நீளமான கேபிளில் 4.4-க்கு இறங்கினாலும் 2.64 நிற்கும். 3.3 வோல்ட் பின் ‘1’ என்று படிக்க வழக்கமாக அதில் பத்தில் ஏழு பங்கு, 2.31 வோல்ட், வேண்டும், ஆக இடமிருக்கிறது. லினக்ஸின் கருவான கெர்னலில் எக்ஸ்ட்கான் ஜி.பி.ஐ.ஓ. இயக்கி (செருகல், பிடுங்கலைக் கவனிக்கும் நிரல்) இந்தப் பின்னில் குறுக்கீடு (மதிப்பு மாறியதும் செயலிக்குப் போகும் அறிவிப்பு) வைத்துக் காத்திருக்கும். செருகும்போது ஏற்படும் துள்ளல் அடங்க 20 மில்லிநொடி விட்டு, அதன் பிறகே மதிப்பைப் படிக்கும்.

மின்தடையைப் பத்து மடங்கு பெரிதாக்கி 100, 150 கிலோ ஓம் போட்டால் மின்சாரம் மிச்சம்தான். ஆனால் வீபஸில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்து, வேறு சுமையும் இல்லையென்றால், கேபிளைப் பிடுங்கிய பிறகு தேங்கிய மின்னூட்டம் இந்த இரு மின்தடைகள் வழியாகத்தான் வடிய வேண்டும். சிறிய ஜோடியில் பின் ‘0’ ஆக ஏறக்குறைய 0.28 நொடி. பெரிய ஜோடியில் 2.8 நொடி. அதற்குள் மறுபடி செருகிவிட்டால், நடுவில் பிடுங்கியதே இயக்கிக்குத் தெரியாது. பலகையில் இருக்கிற பிழையை நிரலில் தேடிக்கொண்டிருப்போம். இந்தப் பத்தி கையேட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

இனி சொல். நான் முன்வைப்பது ‘மின்வரத்து’. சுற்றுக்கு ‘மின்வரத்து உணர்சுற்று’. நிலைகள் இரண்டு: வரத்து உண்டு, வரத்து இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதே அல்ல. வைகை அணைச் செய்தியில் நீர்மட்டம், நீர்வரத்து, நீர் இருப்பு என்று மூன்றையும் தனித்தனியாகத்தான் போடுகிறார்கள். ஒன்றை மற்றொன்றாக யாரும் குழப்பிக்கொள்வதில்லை. மின்சாரத்திலும் அதே மூன்று உண்டு: அழுத்தம், வரத்து, பேட்டரியில் இருப்பு. வீட்டிலும் "கரண்ட் வந்துருச்சா?" என்றுதான் கேட்கிறோம்; எத்தனை வாட் என்று கேட்பதில்லை.

இதுவரை வந்த மறுப்புகளுக்கு ஒவ்வொன்றாக:

> நீர்வரத்தைக் கன அடியில் அளக்கிறோமே? வரத்து என்றாலே அளவு வந்துவிடாதா?

அணையில் அளக்கிறோம், சரி. கண்மாய்ப் பக்கம் வாருங்கள். "இந்த வருஷம் வரத்தே இல்லை" என்கிறபோது அளவு எங்கே இருக்கிறது? வரத்துக்கால் வறண்டு கிடந்தாலும் அதன் பெயர் வரத்துக்கால்தான். உண்டா இல்லையா என்ற பொருள் இந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. உண்மையிலேயே அளக்கிற சில்லுகளுக்கு வேறு பெயர் வைப்போம். ஏ.எக்ஸ்.பி.209 போன்ற மின் மேலாண்மைச் சில்லுகள் வீபஸின் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் எண்ணாகவே கெர்னலுக்குத் தருகின்றன. அவற்றை ‘மின்வரத்து அளவி’ எனலாம். உணர்வது வேறு, அளப்பது வேறு.

> பலகையே ஹோஸ்டாக (கணினியைப் போல இணைப்பை நடத்தும் பக்கமாக) இருந்து வீபஸுக்கு மின்சாரம் கொடுக்கும்போது அது எப்படி வரத்தாகும்?

வந்த மறுப்புகளில் வலுவானது இதுதான், ஐயா. அப்போதும் பின் ‘1’ என்றே படிக்கும். நாம் கொடுத்ததையே நாம் பார்க்கிறோம். மின்தடை ஜோடியால் இதைப் பிரித்தறிய முடியாது. அதனால்தான் மைக்ரோ யூ.எஸ்.பி.யில் ஐ.டி. பின் என்று ஒன்று தனியாக இருக்கிறது. அது தரையோடு இணைந்திருந்தால் நாம் ஹோஸ்ட். இயக்கி வீபஸ் பின்னைப் பொருட்படுத்தாது. ஐ.டி. பின்னும் வீபஸ் பின்னும் ‘1’ என்று இருந்தால்தான் நாம் சாதனம், அதாவது ஹோஸ்டோடு இணையும் பக்கம். சாதன மரத்தில் (பலகையின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) இணைப்பி முனையத்தை எழுதும்போதும் இரண்டு பண்புகள் உண்டு: படிக்கிற பின்னைச் சொல்ல ‘வீபஸ்-ஜிபிஐஓஸ்’, கொடுக்கிற மின்சீராக்கியைச் சொல்ல ‘வீபஸ்-சப்ளை’. முதலாவதை வரத்து என்றும் இரண்டாவதை வழங்கல் என்றும் எழுதுவோம். கம்பிக்கு மட்டும் வீபஸ் என்ற பெயரே இருக்கட்டும். இரு திசையிலும் ஓடுகிற கம்பியை வரத்துக் கம்பி என்பது தவறு.

> சார்ஜர் வகை கண்டறிதலையும் இதிலேயே சேர்த்துவிடலாமே?

வேண்டாம். வரத்து வந்த பிறகுதான் வகை பார்க்கும் வேலையே தொடங்குகிறது. யூ.எஸ்.பி.யின் பேட்டரி சார்ஜிங் 1.2 விதிப்படி சாதனம் டேட்டா கம்பிகள் இரண்டில் டி பிளஸில் 0.6 வோல்ட் அளவில் கொடுத்து, டி மைனஸில் அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும். தனிச் சார்ஜரில் (டேட்டா இல்லாமல் சார்ஜ் மட்டும் தருவது) அந்த இரு கம்பிகளும் 200 ஓமுக்கு மேற்படாத தடையால் இணைந்திருக்கும். ஆகவே திரும்பி வரும். டேட்டா கம்பி இல்லாத, சார்ஜுக்கு மட்டுமான கேபிளைப் போட்டால் வரத்து ‘உண்டு’ என்று சரியாகக் காட்டும், வகை மட்டும் தப்பாகும். 1.5 ஆம்பியர் எடுக்க வேண்டிய சாதனம் 500 மில்லிஆம்பியருக்குள் சுருங்கிப் படுத்துவிடும். ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் இந்தப் பழுதை மாணவருக்கு விளக்கவே முடியாது. ‘மின்வழங்கி வகையறிதல்’ தனியாக நிற்கட்டும்.

டைப்-சி பகுதியிலும் ஒரு திருத்தம். வரைவில் "கேபிள் செருகப்பட்டதும் வரத்து உண்டாகும்" என்றிருக்கிறது. டைப்-சியில் சி.சி. பின்னில் (இணைப்பை அறிவதற்கான பின்) சாதனத்தின் 5.1 கிலோ ஓம் தடையைக் கண்ட பிறகே எதிர்ப்பக்கம் வீபஸைத் திறக்கும். ஆகவே இணைப்பு முதலில், வரத்து பிறகு. சி.சி.1, சி.சி.2 இரண்டுக்கும் தனித்தனி 5.1 கிலோ ஓம் வேண்டும். ஒன்றையே இரண்டுக்கும் பகிர்ந்து போட்டால் சாதாரணக் கேபிளில் வேலை செய்யும். அடையாளச் சில்லு உள்ள கேபிளில், பலகையை ஒலிக்கருவி என்று எண்ணி எதிர்ப்பக்கம் வீபஸைத் திறக்காமலே இருந்துவிடும். வரத்து இல்லை என்று உணர்சுற்று சொல்வது அங்கே உண்மைதான். பழுது அதற்கு முந்தைய இடத்தில். அந்த வரியை "இணைப்பு உறுதியானதும் எதிர்ப்பக்கம் வீபஸைத் திறக்கும், அதன் பின்னரே வரத்து உண்டாகும்" என்று மாற்றக் கேட்டுக்கொள்கிறேன்.