மட்டக்களப்பில அப்பாவோடயும் புள்ளைகளோடயும் பழைய இடங்கள் பார்க்கணும், எங்க தொடங்குறது?

வெள்ளவத்தைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் லீவுல ஒரு சனி ஞாயிறு மட்டக்களப்புக்கு வாறதா இருக்கோம், நான், என்ட அவர், ரெண்டு புள்ளைகள், அதோட என்ட அப்பா. அப்பா தமிழ் வாத்தியாரா இருந்து பென்ஷன் எடுத்தவர், முழங்கால் வருத்தம், கனதூரம் நடக்க ஏலாது, ஆனா பழைய சுவர் ஒண்டக் கண்டா அதுக்கு முன்னால அரை மணித்தியாலம் நிப்பார். புள்ளைகளுக்கு அதுக்கு நேர்மாறா பத்து நிமிஷம் போனா போர் அடிக்கும்.

கேள்வி என்னெண்டா, கூகுள்ல தேடினா எல்லாரும் பாசிக்குடா பாசிக்குடா எண்டுதான் போட்டிருக்காங்க, எங்களுக்குக் கடல் குளிக்கிறது முக்கியமில்ல, கோட்டை, நூதனசாலை, பழைய பள்ளிக்கூடம், கோயில் இப்பிடி என்ன இருக்கு? கோட்டைக்குள்ள கச்சேரி, அதான் மாவட்ட அரசாங்கக் கந்தோர், இருக்கு எண்டு கேள்விப்பட்டன், அப்ப உள்ள போக விடுவாங்களா? காத்தான்குடியில ஒரு நூதனசாலை இருக்காம், அது நல்லமா? பாடும் மீன் உண்மையா கேக்குமா இல்லாட்டி சும்மா கதையா? அம்பாறைப் பக்கம் தீகவாபியையும் இதுக்குள்ள சேர்க்க ஏலுமா? ட்ரெயின்ல வாறதா வான் பிடிக்கிறதா எண்டும் சொல்லுங்க. நன்றி.

புளியந்தீவான்:

வாங்க அக்கா. முதல்ல ஒண்டு சொல்லிடுறன், கொழும்பு மியூசியம் மாதிரி ஒரு பெரிய கட்டிடம் இருக்கும், டிக்கட் எடுத்துப் போனா எல்லாத்தையும் ஒரே இடத்தில பார்த்திட்டு வரலாம் எண்டு நினைச்சு வராதீங்க, எங்கட டவுனுக்கு அப்பிடி ஒண்டு இல்ல. இஞ்ச ஊரத்தான் பார்க்கணும். புளியந்தீவு எண்டது வாவிக்குள்ள இருக்கிற ஒரு சின்னத் தீவுதான், அதுக்குள்ளயே கோட்டை, கடைத்தெரு, பழைய பள்ளிக்கூடங்கள், சேர்ச்சுகள் எல்லாம் கிட்டக் கிட்டத்தான், உங்கட அப்பாவுக்கு ஒரு ஓட்டோ பிடிச்சுக் குடுத்தா அவர் நிக்க வேண்டிய இடத்தில நிண்டு நிண்டு வருவார்.

கோட்டை போர்த்துக்கீசர் 1628இல கட்டினது. பத்து வருஷம்தான் அவங்கட கையில இருந்தது, 1638 மே மாசம் ஒல்லாந்தர் பிடிச்சிட்டாங்க, கண்டி ராஜா ரெண்டாம் ராஜசிங்கனும் அவங்களோட சேர்ந்து நிண்டவர். இலங்கையில போர்த்துக்கீசரிட்ட இருந்து ஒல்லாந்தர் பிடிச்ச முதல் கோட்டை இதுதான், காலியும் கொழும்பும் எல்லாம் அதுக்குப் பிறகுதான். பிடிச்ச கையோட ராஜாவும் ஒல்லாந்துத் தளபதி வெஸ்டர்வோல்டும் ஒப்பந்தம் எழுதினதும் இஞ்ச மட்டக்களப்பில வச்சுத்தான். சிங்களத்தில இஞ்சியக் குடுத்து மிளகாய் வாங்கினது எண்டு, ஒருத்தன விரட்டி அவனவிட மோசமானவன எடுத்ததுக்குச் சொல்லுவாங்களே, அந்த யாவாரம் இந்த வாசல்லதான் முடிஞ்சது எண்டு வாத்தியாருக்குச் சொல்லுங்க, அவருக்குப் பிடிக்கும்.

உள்ள போறதப் பத்தி: கச்சேரி கனகாலம் இஞ்சதான் நடந்தது, இப்ப வேற இடத்துக்குப் போயிட்டுது, எண்டாலும் வேலை நாள்ல வந்து கேட்டா உள்ள போறது சுகம். சனி ஞாயிறு எண்டா வாசல்ல நிக்கிற செக்கியூரிட்டிக்கிட்ட தன்மையாக் கேளுங்க, ஐடென்டிட்டி காட் கையில இருக்கட்டும். ஏலுமெண்டா வெள்ளிக்கிழமை காலையில வந்து இறங்குறது நல்லம். வாசலுக்கு மேல ஒல்லாந்துக் கம்பனிட சின்னம் இருக்கு, பெரிய வீ எழுத்து, அதுட ஒரு கால்ல ஓ, மற்றக் கால்ல சீ, மூண்டும் ஒண்டோட ஒண்டு பின்னிக்கொண்டு இருக்கும். கனபேர் அதுக்குக் கீழால தலையக் குனிஞ்சுகொண்டே உள்ள போயிடுவாங்க. புள்ளைகளுக்கு முதல்லயே சொல்லாம "மேல என்ன எழுதியிருக்கு கண்டுபிடி" எண்டு விடுங்க, பத்து நிமிஷம் போயிடும். மூலையில பீரங்கியும் இருக்கு. ரெண்டு பக்கம் வாவி, மற்ற ரெண்டு பக்கம் அகழி, நாலு மூலையிலயும் கொத்தளம். கோட்டைட முழு உருவமும் விளங்கணுமெண்டா உள்ள நிண்டு விளங்காது, தண்ணிக்கு மற்றக் கரையில போய் நிண்டு பார்க்கணும். வெள்ளனப் போங்க, பதினொரு மணிக்குப் பிறகு ஆகஸ்ட் வெயில்ல முழங்கால் வருத்தக்காரர நடக்க வைக்கிறது பாவம்.

எனக்கிருக்கிற ஒரே கோவம், இவ்வளவு பழைய இடத்தில நிண்டு வாசிக்கிறதுக்கு உருப்படியா ஒரு பலகை இல்ல. கதை தெரிஞ்ச ஆள் கூட வந்தாத்தான் அது கோட்டை, இல்லாட்டி ஒரு தடிச்ச மதில்.

காத்தநகர் நானா:

தங்கச்சி, காத்தான்குடி நூதனசாலையப் பத்திக் கேட்டிருந்தீங்க. பூர்வீக நூதனசாலை எண்டு கேளுங்க, எந்த ஓட்டோக்காரரும் கொண்டு வந்து விடுவார். 2015இல திறந்தது, மாடிக் கட்டிடம். இலங்கை முஸ்லிம்கள் எப்பிடி வந்தாங்க, அரபு நாட்டு யாவாரம், ராஜாக்கள்ட காலத்தில என்ன செஞ்சாங்க, முந்தி எங்கட ஊட்டில என்ன சாமான் பாவிச்சாங்க, கலியாணம் காட்சி எப்பிடி நடந்த எண்டெல்லாம் ஆளுயரத்துக்கு உருவம் செஞ்சு வச்சு காட்டியிருக்காங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஓட்டுத் துண்டப் பார்த்துக்கொண்டு போற மாதிரி இல்ல, சின்னவங்களுக்கு விளங்கும். என்ட மகள்ட புள்ளைகள் அதுக்குள்ள இருந்து வெளிய வர மாட்டம் எண்டு நிண்டதுகள்.

ரெண்டு விசயம். வாறதுக்கு முதல் திறந்திருக்கா எண்டு கேட்டுட்டு வாங்க. மறுகா வெள்ளிக்கிழமை எண்டா ஜும்ஆ நேரம் கடையும் பூட்டு எல்லாம் பூட்டு, அஸர் எண்ட பின்னேரத் தொழுகைக்குக் கிட்ட வந்தாத்தான் சரி. உடுப்பு ஒள்ளுப்பம் அடக்கமா இருந்தா நல்லம், அவ்வளவுதான், வேற ஒரு பிரச்சினையும் இல்ல. மெயின் ரோட்டு நடுவால பேரீச்ச மரம் வரிசையா நிக்கும், புள்ளைகள் ஃபோட்டோ எடுக்கக் கேப்பாங்க, ட்ராபிக் பார்த்து எடுங்க. கைத்தறிச் சாறன், சாரி வேணுமெண்டா இஞ்சயும் இருக்கு, ஆனா கல்முனைப் பக்கம் போறதா இருந்தா மருதமுனையில வாங்குங்க, உண்மையச் சொல்லத்தானே வேணும்.

டச்பார் மச்சான்:

பாடும் மீனுக்கு நான் சொல்றன். கேக்கும், ஆனா பாலத்தில நிண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு "எங்க கேக்கல்லயே" எண்டு சொன்னா ஒண்டும் கேக்காது. ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில, பறுவத்துக்கு, அதான் பௌர்ணமிக்கு, கிட்டின இராவில, காத்து இல்லாம வாவி ஆடாம கிடக்கணும். தோணிக்காரர் ஒருவரப் பிடிச்சு கல்லடிப் பாலத்துக்குக் கிட்டப் போய் இஞ்சின நிப்பாட்டி, துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காத வச்சாத்தான் அந்த சத்தம் வரும். 1848இல டெனன்ட் எண்ட வெள்ளக்கார அதிகாரி இஞ்ச வந்து இப்பிடித்தான் கேட்டு எழுதி வச்சிருக்கார், அவருக்கு மீன்பிடிக்கிற ஆக்கள் சொன்னது மீன் இல்ல, ஊரி எண்ட சிப்பிதான் அழுது சத்தம் போடுது எண்டு. மீனா ஊரியா எண்டு இண்டைக்கும் எங்கட ஆக்கள் சண்டை பிடிப்பாங்க. நீங்க வாற நாள் பறுவமில்லாட்டி அதுக்காக மெனக்கெட வேணாம், பகல்ல பாலத்தப் பாருங்க.

பழைய பாலம் 1924ஆம் ஆண்டு, லேடி மனிங் பாலம், முழுக்க இரும்பு. 2013இல பக்கத்தில புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் அதாலதான் கல்லடி, காத்தான்குடி, கல்முனை போற அவ்வளவு வாகனமும், ஒரு பக்கத்தால வாகனம் வந்தா மற்றப் பக்கம் நிக்கணும், பஸ்ஸுக்குள்ள இருந்து வேர்த்துக்கொட்டின ஆக்களுக்குத் தெரியும் அந்த வேதனை. இப்ப பின்னேரத்தில நடக்கிறதுக்கு அதுதான் சுகம், அப்பாவுக்கும் ஏறி இறங்கத் தேவையில்ல.

கல்லடிப் பக்கத்து டச்பார் ஊருக்கு வந்தா ஒரு விசயம் தெரிஞ்சுகொண்டு வாங்க. இஞ்ச இருக்கிற பறங்கி ஆக்கள், அதான் போர்த்துக்கீசர் ஒல்லாந்தர்ட வழிவந்தவங்க, வீட்டில இன்னமும் போர்த்துக்கீச மொழி கதைக்கிற வயசானவங்க இருக்காங்க, கலியாண வீட்டில கஃப்ரிஞ்ஞா ஆடுவாங்க. கோட்டை கட்டினவன் பத்து வருஷத்தில போயிட்டான், அவன்ட பாஷை நானூறு வருஷமா போகாம நிக்குது. 2004 சுனாமியில இந்தப் பகுதி ஆக்கள் கனபேர் போயிட்டாங்க. கல்லடி திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் அண்டைக்குச் சாஞ்சது, போய்க் கும்பிட்டுட்டுப் பாருங்க. ஊட்டு வாசல்ல கமெராவத் தூக்கிக்கொண்டு போய் "கொஞ்சம் போர்த்துக்கீஸ் கதைங்க" எண்டு கேக்காதீங்க, அது சரியில்ல.

கல்முனைப் பொடியன்:

அக்கா, அப்பா தமிழ் வாத்தியார் எண்டா விபுலானந்த அடிகள விட்டுட்டுப் போக ஏலாது, மேல ஒருத்தரும் சொல்லல்ல எண்டது ஆச்சரியம்தான். சமாதி கல்லடி உப்போடையில, சிவானந்தா வித்தியாலயத்துக்குப் பக்கத்தில. பழந்தமிழ் இசையப் பத்தி அவர் எழுதின யாழ்நூல் 1947 ஜூன்ல அரங்கேறினது, ஜூலை 19 அடிகள் போயிட்டார், அந்த நூலுக்கு உழைச்ச உழைப்புத்தான் உடம்ப முடிச்சது எண்டு எங்கட வாத்தியார் சொல்லுவார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலயும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலயும் முதல் தமிழ்ப் பேராசிரியர் இவர்தான். பிறந்தது காரைதீவில, அது அம்பாறை மாவட்டம், அங்க மணிமண்டபம் இருக்கு, கல்முனை தாண்டி மெயின் ரோட்டாலயே போகலாம்.

தீகவாபி கேட்டீங்க. சேர்க்க ஏலும், ஆனா நான் எண்டா இந்த முறை சேர்க்க மாட்டன். கரையோர ரோட்டால கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை எண்டு போய் உள்ளுக்குக் கிறுகணும், போய் வாறதுக்கே அரை நாளுக்கு மேல போயிடும். செங்கல்லால கட்டின பெரிய தாதுகோபுரம், கி.மு. ரெண்டாம் நூற்றாண்டு சத்தாதிஸ்ஸ ராஜாட காலத்தது எண்டு சொல்றது, பக்கத்தில தொல்பொருள் திணைக்களத்து நூதனசாலையும் இருக்கு. வடிவான இடம், ஆனா நிழல் குறைவு, சின்னவள் அழுவாள். அதுக்குப் பதிலா காரைதீவு வரைக்கும் வந்து மணிமண்டபத்தப் பார்த்து, சாப்பிட்டுட்டுத் திரும்புங்க. தீகவாபி, பொத்துவில் முகுது மகா விகாரை, லாகுகல மகுல் மகா விகாரை மூண்டையும் இன்னொரு லீவுக்கு அறுகம்பையோட சேர்த்து வச்சா ஒரே ரோட்டு.

வாவிக்கரை ஐயா:

மகள், எல்லாரும் நல்லாச் சொல்லியிருக்காங்க, நான் விட்டுப்போனத மட்டும் சொல்றன். காந்திப் பூங்காவுக்குள்ள கரையோட ஒரு கல் வாசல் இருக்கு, முந்தித் தோணியால வந்த ஆக்கள் இறங்கின துறை. வில்லியம் ஓல்ட் எண்ட மெதடிஸ்த பாதிரியார் 1814இல வந்து இறங்கினார், வந்த வருஷமே பள்ளிக்கூடம் தொடங்கினார், அதுதான் இண்டைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஒரு வருஷம் கூட இருக்கல்ல, 1815இல இஞ்சயே செத்துட்டார். அவருக்கு ஒரு சிலையும் இருக்கு. இருக்கிறதுக்கு வாங்கு இருக்கு, காத்து வரும், உங்கட அப்பாவ அங்க இருத்திட்டு நீங்க புள்ளைகளோட கடைத்தெருவச் சுத்திட்டு வரலாம். அதுக்கும் முதல்ல, 1602இல ஸ்பில்பர்கன் எண்ட ஒல்லாந்துக் கப்பல் தலைவன் மட்டக்களப்பில வந்து இறங்கித்தான் கண்டிக்கு முதலாம் விமலதர்மசூரியனக் காணப் போனவன், கோட்டை எண்டு ஒண்டு கட்டவே இல்ல அப்ப.

மற்றது வெளிச்சவீடு. பாலமீன்மடுவில, 1913இல கட்டினது, 28 மீற்றர் உயரம். வாவி கடலோட சேர்ற முகத்துவாரம் அங்கதான், புள்ளைகளுக்குத் தோணியும் ஓடும். மூத்தவனுக்குக் கப்பல் சண்டை பிடிக்குமெண்டா கடலக் காட்டி ஒரு கதை சொல்லுங்க, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் விமானத்தால குண்டு போட்டு ஹேர்மிஸ் எண்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல இந்தக் கடல்லதான் தாட்டவன், 307 பேர் செத்தாங்க, கப்பல் இன்னமும் அடியில கிடக்கு. சுழியோடுற ஆக்கள் மட்டும்தான் போய்ப் பார்க்க ஏலும்.

ஞாயிறு காலையில நேரமிருந்தா கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போங்க, போர்த்துக்கீசன் முன்னால கல் நந்தி எழும்பிப் புல்லுத் திண்ட கதை அந்தக் கோயிலுக்குரியது. முந்தி மண்முனைத் துறையில பாதைக்கு, அதான் ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவைக்கு, காத்துக்கிடக்கணும், இப்ப 2014இல இருந்து பாலம், வான் நேராப் போகும். ஆடி அமாவாசை உங்கட கிழமைக்குள்ள வருகுதா எண்டு பஞ்சாங்கத்தப் பாருங்க, வந்தா மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு வாற சனத்தில டவுனில ஒரு ரூமும் கிடைக்காது.

வெள்ளவத்தைக்காரி:

அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன், வீ ஓ சீ எண்டதும் "கப்பலோட்டிய தமிழனா" எண்டு கேட்டுச் சிரிச்சார், இப்ப வெள்ளிக்கிழமையே போகணுமாம். தீகவாபி இந்த முறை இல்ல. அப்ப வெள்ளி காலையில கோட்டை, காந்திப் பூங்கா, பின்னேரம் காத்தான்குடி, சனி காரைதீவும் சமாதியும் பாலமும், ஞாயிறு கொக்கட்டிச்சோலை, சரிதானே? ட்ரெயினா வானா எண்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்லயே!

புளியந்தீவான்:

வர ட்ரெயின், சுத்த வான். வெள்ளி காலையில நிக்கணுமெண்டா வியாழன் இராவு மீனகயா ட்ரெயின்ல ஏறுங்க, விடிய வந்து இறங்கிடலாம். பகல்ல வாற உதயதேவியில புள்ளைகளுக்கு ஜன்னலால பார்க்க நல்லம், ஆனா வந்து சேர பின்னேரமாகும், அந்த நாள் போயிடும். இராவு ட்ரெயினுக்கு சீட் முதல்லயே புக் பண்ணுங்க, லீவு காலத்தில அப்பாவ நிண்டுகொண்டு வர வைக்க ஏலா. வான் இஞ்ச வந்து பிடிக்கலாம், காரைதீவுக்கும் கொக்கட்டிச்சோலைக்கும் மட்டும்தான் தேவை, டவுனுக்குள்ள ஓட்டோ போதும். சமாதியையும் பாலத்தையும் காரைதீவு போயிட்டுத் திரும்பி வரக்குள்ள பாருங்க, ரெண்டும் ஒரே பாதையில கல்லடியில, வெயிலும் இறங்கியிருக்கும்.

காத்தநகர் நானா:

வெள்ளி பின்னேரம் எண்டா நாலு மணிக்குப் பிறகு வாங்க தங்கச்சி. பூட்டுற நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்க, பெரியவருக்கு ஒவ்வொண்டா வாசிச்சுப் பார்க்க நேரம் காணாமப் போனா சனிக்கிழமை காரைதீவுக்குப் போற வழியில திரும்ப ஒருக்கா இறங்கலாம், ரோட்டு இதுதானே.