பதில்: பெரியவர்கள் வீட்டுக்கு சிக்னல் பூஸ்டர் – பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

சார்ஜா மச்சான் போன வாரம் போட்ட மடலுக்குப் பதில் இது. ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீடு பதினொன்றுக்கும் சங்கப் பணத்தில் வீட்டுக்கு ஒரு சிக்னல் பூஸ்டர் வாங்கிக் கொடுப்போம் என்றார். ஆறேழு பேர் 'சரி' போட்டுவிட்டீர்கள். நான் போடவில்லை. பங்குனித் திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்குப் போய், பாதி நாளை மொட்டைமாடியிலேயே கழித்துவிட்டு வந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலவரம் உங்களுக்குத் தெரியாததில்லை. நம்மூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 'போன் இடம்' இருக்கிறது. மேலத்தெரு அத்தைக்குக் கிணற்றடி. வாத்தியார் வீட்டில் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம். எங்கள் வீட்டில் வாசல் வேப்பமரம். சன்னல் கம்பியில் மஞ்சப்பையைக் கட்டி, அதற்குள் போனைப் போட்டு, மணி அடித்ததும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவது அம்மாவின் வழக்கம். ஐப்பசி மழையில் அப்படி ஓடியபோதுதான் படியில் வழுக்கி இடுப்பில் அடி. அதை எங்களிடம் சொல்லவே பத்து நாள் ஆயிற்று. சொல்லவும் போன் எடுக்க வேண்டுமே!

முதலில் பூஸ்டர் விஷயம். வெளியே ஒரு ஆன்டெனா, நடுவில் சிக்னலைப் பெருக்கும் பெட்டி, வீட்டுக்குள் இன்னொரு ஆன்டெனா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தியாவில் தனியார் யாரும் உரிமம் இல்லாமல் இதை வைத்திருப்பதோ விற்பதோ பயன்படுத்துவதோ குற்றம். 1885ஆம் வருடத் தந்திச் சட்டம், 1933ஆம் வருட வயர்லெஸ் சட்டம் காலத்திலிருந்தே அப்படித்தான். 2023இல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அந்தப் பிடி தளரவில்லை. இணையக் கடையில் பகிரங்கமாக விற்கிறார்களே என்றால், விற்பதால் சட்டம் மாறிவிடாது. ஆய்வுக்கு வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனால், பதில் சொல்ல வேண்டியது எழுபத்தைந்து வயதுக் கிழவி.

சட்டத்தை விடுங்கள், பெட்டியே உபத்திரவம்தான். உள்ளே இருக்கும் ஆன்டெனா விடும் அலை வெளியே இருக்கும் ஆன்டெனாவுக்குத் திரும்பிப் போனால், கல்யாண வீட்டில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே பிடித்தால் 'கூ' என்று அலறுமே, அதே கதை. அந்தக் கூச்சல் டவர் வரை போகும். ஒரு வீட்டில் வைத்த பெட்டியால் தெருவுக்கே போன் கெடும். பதினொரு வீட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லண்டன் அண்ணன், "இங்கே நான் கடையில் வாங்கி மாட்டியிருக்கிறேனே" என்று எழுதியிருந்தார். அண்ணே, அங்கே 2018 முதல் குறிப்பிட்ட சில வகைகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை என்று விட்டிருக்கிறார்கள். இங்கே அந்தச் சலுகை கிடையாது. சூட்கேஸில் வைத்துக் கொண்டுவந்தாலும் அலைவரிசையே ஒத்துப்போகாது. அங்கே கிராமப்புற 4ஜி பெரும்பாலும் 800 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, இங்கே ஜியோ ஓட்டுவது 850.

சரி, வீட்டுக்குள் ஏன் எடுக்கவில்லை? எங்கள் வீட்டுச் சுவர் இரண்டடி கனம், செங்கல்லும் சுண்ணாம்பும். முன்பக்கம் அப்பா கட்டிய கான்கிரீட். அதற்கு முன்னால் வெயிலுக்குப் போட்ட தகரக் கொட்டகை. தகரத்தை அலை ஊடுருவாது, பட்டுத் திரும்பிவிடும். டவரோ மெயின் ரோட்டில். இடையில் கண்மாய்க் கரையும் கருவேலங்காடும். இத்தனையும் தாண்டி நடுவீட்டுக்குள் வந்து சேரும்போது அதில் என்ன மிச்சம் இருக்கும்?

எவ்வளவு மிச்சம் என்பதை அளக்கலாம். போனில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், அது ஒவ்வொரு கம்பெனி போனிலும் ஒவ்வொரு மாதிரி. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், 'அபவுட் போன்' பகுதியில் சிம் நிலவரம் பார்த்தால் டிபிஎம் என்று ஒரு எண் இருக்கும், அதுதான் சிக்னல் பலத்தின் அளவு. மைனஸில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் ராஜா. மைனஸ் 100 என்றால் ஓடும். 115ஐத் தாண்டினால் வேப்பமரத்தடிதான். அக்கா மகனும் நானும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வீடு முழுக்க நடந்தோம். நடுவீடு மைனஸ் 118, திண்ணை மைனஸ் 110, மொட்டைமாடி மைனஸ் 98. இருபதுதான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கணக்கில் பத்து ஏறினால் பத்து மடங்கு, இருபது ஏறினால் நூறு மடங்கு. நடுவீட்டைவிட நூறு மடங்கு சிக்னல் எங்கள் தலைக்கு மேலேயே கிடந்திருக்கிறது, இத்தனை வருஷமாக.

அடுத்து, எந்த சிம்? பக்கத்து வீடுகளில் கடன் வாங்கி மூன்று கம்பெனி சிம்மையும் போட்டுப் பார்த்தேன். எண் சின்னதாக இருக்கும் அலைவரிசைதான் சுவரையும் மரத்தையும் கடந்து வரும். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700, ஜியோவுக்கு 850, ஏர்டெலுக்கு 900 இருக்கின்றன. 1800, 2300 எல்லாம் வேகம் தரும், ஆனால் கொஞ்சம் மறைப்பு வந்தாலும் சுருண்டுவிடும். 5ஜி போன் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்ட குவைத் தம்பிக்கும் இதுதான் பதில். 5ஜி பெரும்பாலும் ஓடுவது 3300க்கு மேல். கருவேலங்காட்டைத் தாண்டி அது நம் நடுவீட்டுக்கு வருவதற்குள் பங்குனி போய்ச் சித்திரை வந்துவிடும். ஒரு கம்பெனிதான் எல்லா வீட்டுக்கும் சரி என்றும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் தேறியது ஒன்று, நான்கு வீடு தள்ளி அத்தை வீட்டில் தேறியது வேறொன்று. சோதித்த பிறகு எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 'போர்ட்' (PORT) என்று அடித்து, இடம் விட்டு, போன் எண்ணைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் குறியீடு வரும். அதை எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனிக் கடைக்குப் போக வேண்டியதுதான்.

இனி நான் செய்தது. சிம் போடும் 4ஜி ரவுட்டர், பின்னால் வெளி ஆன்டெனாவுக்கு இரண்டு சொருகல் உள்ள வகை. மொட்டைமாடியில் ஜிஐ பைப் நட்டு ஆன்டெனா. ரவுட்டர் மாடிப்படி அறைக்குள். பூஸ்டர் மாதிரி இது அலையைப் பெருக்கித் திரும்ப வீசுவதில்லை. போன் டவரோடு பேசுவதுபோலவே இதுவும் பேசி, வீட்டுக்குள் வைஃபை கொடுக்கிறது. அதனால் வம்பில்லை.

இதில் நான் பட்ட ஒரு பாடு. டவுன் கடைக்காரர், "எதுக்கும் இருக்கட்டும் சார்" என்று பதினைந்து மீட்டர் மெல்லிசு கேபிளைத் தலையில் கட்டிவிட்டார். ஆன்டெனா பிடித்த சிக்னலை கேபிளே தின்றுவிட்டது, மொட்டைமாடியில் போனைக் கையில் பிடித்தால் வந்த அளவுகூட ரவுட்டருக்கு வரவில்லை. ஐந்து மீட்டர் தடித்த கேபிளாக மாற்றிய பிறகுதான் உயிர் வந்தது. நீளம் வேண்டுமென்றால் நெட்வொர்க் கேபிளில் நீட்டுங்கள், நூறு மீட்டர் வரை போகலாம். ஆன்டெனா கேபிளில் நீட்டாதீர்கள்.

திசை வைப்பது தனிக் கூத்து. நான் பைப்பைத் திருப்ப, அக்கா மகன் கீழே இருந்து ஏலம் போடுவதுபோல எண்ணைக் கத்த, தெருவே வேடிக்கை பார்த்தது. மெயின் ரோட்டு டவரைப் பார்த்து வைத்தபோது மைனஸ் 96. சும்மா திருப்பிக்கொண்டே வந்ததில் அய்யனார் கோயில் பக்கம் மைனஸ் 86. அந்தத் திசையில் தூரத்தில் இன்னொரு டவர் இருந்திருக்கிறது, இடையில் வெறும் வயல். கிட்டத்தில் இருப்பதே நல்லது என்றில்லை, மறைப்பில்லாமல் தெரிய வேண்டும். டவர் எங்கே இருக்கிறது என்று அரசின் தரங் சஞ்சார் தளத்தில் பார்க்கலாம். நான் அதை அப்புறம்தான் பார்த்தேன்.

இப்போது காலையில் 18 எம்பி வருகிறது, சீரியல் நேரத்தில் 5, 6. ஒரு நாளைக்கு 2 ஜிபி என்ற பிளானை ரவுட்டருக்குப் போட்டுவிடாதீர்கள். அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிக்கு இறங்கிவிடும், பேரப்பிள்ளை முகம் அப்படியே உறைந்து நிற்கும்.

இதில் எனக்குப் பெரிய வரமாகப் பட்டது வைஃபை காலிங். போன் செட்டிங்ஸில் ஒரே ஒரு பொத்தான். அதைத் தட்டிவிட்டால் அதே சிம், அதே எண், கால் மட்டும் வைஃபை வழியாகப் போகும். வாட்ஸப் தேவையில்லை, எதிரே பேசுபவருக்கு நெட் இருக்க வேண்டியதும் இல்லை. ஏர்டெலில் 2019 டிசம்பரிலிருந்தும் ஜியோவில் 2020 ஜனவரியிலிருந்தும் இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மாவின் பட்டன் போனில் இந்த வசதி இல்லாததால் போனை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு நான் வாங்கிய ஏச்சு தனி மடல். முதல் கால் நடுவீட்டில் தெளிவாக மணி அடித்தது. எடுத்தார்கள், "இருப்பா" என்று சொல்லிவிட்டு நேரே வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டு பேசினார்கள். வைஃபை அங்கே எட்டவில்லை, கட்டாகிவிட்டது.

கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று போட்டிருக்கிறேன், மூன்று மணி நேரம் தாங்குகிறது. இடி மின்னல் சமயத்தில் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

இனி சங்கப் பணம். இத்தனை பாட்டையும் பதினொரு வீட்டில் பட வேண்டியதில்லை. கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டுபோவதாக ஏற்பாடு. அது ஊராட்சி அலுவலகம் வரைக்கும்தான். அங்கிருந்து வீட்டுக்கு இழுக்க உள்ளூர் ஆள் வேண்டும். நம்ம கேபிள்காரரிடம் பேசினேன். இருபது வீடு சேர்ந்தால் இரண்டு தெருவுக்கும் இழுக்கத் தயார், கம்பம் நடும் செலவுதான் இடிக்கிறது என்றார். பூஸ்டருக்கு ஒதுக்க நினைத்த பணத்தைக் கம்பத்துக்குக் கொடுப்போம் என்பது என் கருத்து. இழை வந்துவிட்டால் டவர் எங்கே இருந்தால் என்ன, வைஃபை காலிங்கே போதும். களத்துமேட்டுப் பக்கம் தள்ளி இருக்கும் இரண்டு வீட்டுக்கு மட்டும் ஆன்டெனா போடலாம்.

ஊருக்குள் டவர் கேட்டு மனுப் போடலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள், போடுங்கள். ஆனால் ஒன்றை மறந்துவிட வேண்டாம். முன்பு ஒரு தடவை டவர் வைக்க வந்தபோது கதிர்வீச்சு என்று பயந்து வேண்டாமென்று கையெழுத்துப் போட்டது நாம்தான். அந்தத் தாளில் என் அப்பா கையெழுத்தும் இருந்தது. சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் விடலாம் என்று 2012 செப்டம்பரிலிருந்தே இந்தியாவில் விதி இருக்கிறது, கேட்பவர்களுக்கு அதைச் சொல்லுங்கள். இன்னொன்று: "உங்கள் நிலத்தில் டவர் வைக்கிறோம், லட்சக்கணக்கில் அட்வான்ஸ், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று எஸ்எம்எஸ் வந்தால் அது மோசடி. டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதன் பெயரில் அனுமதிக் கடிதம் காட்டுவார்கள். டிராய் அப்படி எந்தக் கடிதமும் கொடுப்பதில்லை. நம்மூரிலேயே ஒருவர் ஏமாந்திருக்கிறார், பெயர் வேண்டாம்.

சார்ஜா மச்சான் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மடல் இல்லையென்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். பதினொரு வீட்டுப் பிள்ளைகளும் ஊரில் யாரையாவது விட்டு நடுவீடு, திண்ணை, மொட்டைமாடி மூன்று இடத்திலும் எண்ணைப் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த சிம் என்பதையும் சேர்த்து. தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், நான் தொகுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
கீழத்தெரு வேப்பமரத்து வீட்டு இளையவன்
சிங்கப்பூர்

பி.கு.: நேற்று ராத்திரி மறுபடி சிக்னல் இறங்கிவிட்டது. அக்கா மகன் ஏறிப் பார்த்தால், ஆன்டெனா மெயின் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக் கிடக்கிறதாம். சாயங்காலம் அதன்மேல் மயில் உட்கார்ந்திருந்தது என்று அம்மா சொல்கிறார்கள். பைப்புக்கு நட்டு போல்ட்டு இரண்டாகப் போடுங்கள்.